இதழ்களின் வழியே இலக்கிய முகவரை அடைவது

ஆங்கிலத்தில் நாவல் எழுதி, நியூயார்க்கிலோ லண்டனிலோ உள்ள பெரிய பதிப்பகம் வழியாக வெளியிட விரும்புகிறவர் முதலில் அந்த ஊர் நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்குவின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷுஸ்டர், ஹாஷெட், மக்மில்லன் ஆகிய ஐந்து பெரும் குழுமங்களின் பதிப்பகங்கள், எழுத்தாளர் நேரடியாக அனுப்பும் கைப்பிரதிகளைப் பெரும்பாலும் படிப்பதில்லை. இலக்கிய முகவர் ஒருவர் கொடுத்தால்தான் படிக்கிறார்கள். தமிழில் எழுத்தாளர் தன் கைப்பிரதியைத் தானே பதிப்பாளரிடம் கொடுத்து, தானே பேசி முடிக்கிறார். அங்கே அந்த இடத்தில் முகவர் நிற்கிறார்.

கைப்பிரதியைப் படித்துத் திருத்தம் சொல்வது, எந்தப் பதிப்பாசிரியருக்கு அது பிடிக்கும் என்று அறிந்து அனுப்புவது, முன்பணம் பேசுவது, ஒப்பந்தத்தை வரி வரியாகப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு உரிமையையும் திரைப்பட உரிமையையும் தனித்தனியாக விற்பது ஆகியவை முகவரின் வேலைகள். உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதமும் வெளிநாட்டு உரிமைகளில் வழக்கமாக 20 சதவீதமும் அவருக்குக் கமிஷன். புத்தகம் விற்றால்தான் அவருக்குப் பணம். ஆகவே, விற்கும் என்று அவர் நம்புகிற எழுத்தாளரை மட்டுமே ஏற்கிறார்.

அந்த நம்பிக்கையைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீங்களே முகவருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுவது. மற்றது, நல்ல இலக்கிய இதழ் ஒன்றில் உங்கள் கதையோ கட்டுரையோ வெளிவந்து, அதைப் படித்த முகவர் உங்களுக்கு எழுதுவது. இரண்டாவது வழியைப் பற்றியது இந்த அத்தியாயம். முதல் வழியில் போகிறவருக்கும் இதழில் வந்த எழுத்து பெரிய துணை. இரண்டுக்கும் பொதுவான விதியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதழில் வந்த எழுத்து முகவரை உங்கள் வாசல்வரை அழைத்துவரும், அவரை உள்ளே உட்காரவைப்பது முடித்து வைத்திருக்கும் புத்தகம். இரண்டையும் ஒரே காலத்தில் வளர்க்க வேண்டும்.

முகவர்கள் ஏன் இதழ் படிக்கிறார்கள்

பேர்பெற்ற முகவருக்கு நாள்தோறும் விண்ணப்பங்கள் குவிகின்றன. எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு படிக்க அவரால் முடியாது. இலக்கிய இதழிலோ ஆயிரக்கணக்கான கதைகளிலிருந்து ஒரு சிலவற்றைப் பொறுக்கி, திருத்தி, அச்சிட்டிருக்கிறார்கள். முகவர் செய்ய வேண்டிய சலித்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதியை இதழாசிரியர் செய்து முடித்துவிடுகிறார். அதனால்தான் புதிய குரல்களைத் தேடும் முகவர்கள், குறிப்பாகப் பட்டியலில் இன்னும் இடம் வைத்திருக்கும் இளம் முகவர்கள், இதழ்களைத் தொடர்ந்து படிக்கிறார்கள்.

இதற்குத் தெளிவான சான்று அயர்லாந்தின் சாலி ரூனி. மாணவப் பருவத்தில் விவாதப் போட்டிகளில் பங்கெடுத்த அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 2015இல் ‘தி டப்ளின் ரிவ்யூ’ இதழில் வந்தது. அதைப் படித்த வைலி ஏஜென்சியின் முகவர் ட்ரேசி போஹன் அவரைத் தொடர்பு கொண்டார். ரூனியிடம் ஒரு நாவலின் கைப்பிரதி இருந்தது. போஹன் அதைப் பதிப்பாளர்களிடம் கொண்டுபோனார்; ஏழு பதிப்பகங்கள் போட்டியிட்டன. அந்த நாவல் ‘கான்வர்சேஷன்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பெயரில் 2017இல் ஃபேபர் வெளியீடாக வந்தது. கவனியுங்கள்: முகவரின் கண்ணில் பட்டது சிறுகதைகூட இல்லை, ஒரு கட்டுரை. அவர் விற்றது நாவல். கடிதம் வந்தபோது கொடுக்கக் கையில் ஏதோ இருந்ததுதான் ரூனியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனது.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு யியுன் லீயின் பாதை ஊக்கம் தரும். பெய்ஜிங்கில் பிறந்து, 1996இல் நோய் எதிர்ப்பியல் படிக்க அயோவா பல்கலைக்கழகம் போனவர்; ஆங்கிலத்திலேயே எழுதத் தொடங்கினார். அவருடைய ‘இம்மார்ட்டாலிட்டி’ என்ற கதை ‘தி பாரிஸ் ரிவ்யூ’வில் வந்து, அந்த இதழ் புதியவர்களுக்கு வழங்கும் பிளிம்ப்டன் பரிசைப் பெற்றது. முதல் தொகுப்பு 2005இல் வெளியானது.

எல்லோருக்கும் இவ்வளவு விரைவாக நடப்பதில்லை. ரேமண்ட் கார்வரின் ‘வில் யூ ப்ளீஸ் பி கொயட், ப்ளீஸ்?’ என்ற கதை 1966இல் ‘டிசம்பர்’ என்ற சிற்றிதழில் வந்தது. 1967ஆம் ஆண்டின் சிறந்த அமெரிக்கச் சிறுகதைகள் தொகுப்பில் அது இடம்பெற்றது. அதே தலைப்பில் அவருடைய முதல் பெரும் தொகுப்பு வந்தது 1976இல். சிற்றிதழில் வந்த கதை ஓராண்டுக்குள் நாடறிந்த தொகுப்புக்குப் போகலாம். புத்தகத்துக்குப் பத்தாண்டு ஆகலாம். இரண்டும் நடக்கும் என்று தெரிந்தே இந்த வழியில் இறங்குங்கள்.

நன்றிப் பக்கத்தை வரைபடமாக்குங்கள்

எந்த இதழ்களுக்கு அனுப்புவது என்பதைக் கண்டுபிடிக்க, உங்களுக்குப் பிடித்த முதல் சிறுகதைத் தொகுப்புகளை எடுத்து அவற்றின் நன்றிப் பக்கத்தைப் படியுங்கள். எந்தக் கதை முதலில் எந்த இதழில் வந்தது என்று அங்கே இருக்கும்.

ஜும்பா லஹிரியின் ‘இன்டர்ப்ரெட்டர் ஆஃப் மாலடீஸ்’ 1999இல் வந்து 2000இல் புலிட்சர் பரிசு பெற்ற நூல். அதில் ஒன்பது கதைகள். மூன்று கதைகள் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் வந்தவை. மற்றவை வந்த இடங்களைப் பாருங்கள்: அக்னி ரிவ்யூ, லூயிவில் ரிவ்யூ, ஹார்வர்ட் ரிவ்யூ, சாலமாண்டர், எபக், ஸ்டோரி குவாட்டர்லி. நூலுக்குத் தலைப்புத் தந்த கதை நியூ யார்க்கரில் வரவில்லை, அக்னியில்தான் வந்தது. அங்கிருந்தே அது ஓ. ஹென்றி பரிசுத் தொகுப்புக்கும், 1999ஆம் ஆண்டின் சிறந்த அமெரிக்கச் சிறுகதைகள் தொகுப்புக்கும் போனது. புகழின் உச்சியில் உள்ள ஓரிரு இதழ்களை மட்டும் குறிவைத்து, அங்கே கதவு திறக்கவில்லை என்று ஓய்ந்துபோகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே நன்றிப் பக்கத்தில் எழுத்தாளர்கள் வழக்கமாகத் தங்கள் முகவரின் பெயரையும் குறிப்பிடுவார்கள். ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்தி போடுங்கள்: நூல், கதை, இதழ், முகவர். உங்கள் எழுத்துக்கு உறவான இருபது நூல்களை இப்படிப் பதிந்தாலே, எந்த இதழ்களிலிருந்து எந்த முகவர்களிடம் எழுத்தாளர்கள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பட்டியலும் இவ்வளவு பொருத்தமாக இருக்காது.

இரண்டாவது வரைபடம் ஆண்டுத் தொகுப்புகள். ‘தி பெஸ்ட் அமெரிக்கன் ஷார்ட் ஸ்டோரீஸ்’ 1915 முதல் வருகிறது. அதன் பின்பக்கங்களில், தொகுப்பில் இடம்பெறாத, ஆனால் குறிப்பிடத்தக்க கதைகளின் பட்டியல் இதழ்களின் பெயரோடு அச்சாகிறது. ஓ. ஹென்றி பரிசு 1919இல் தொடங்கியது. சிற்றிதழ்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்குமான புஷ்கார்ட் பரிசுத் தொகுப்பு 1976 முதல் வருகிறது. இந்த மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் இதழ்ப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவர்கள் படிக்கும் இதழ்கள் பெரும்பாலும் அவைதான்.

மூன்று வரிசை

குறித்து வைத்த இதழ்களை மூன்று வரிசையாகப் பிரியுங்கள்.

முதல் வரிசையில் நியூ யார்க்கர், பாரிஸ் ரிவ்யூ, கிராண்டா போன்றவை. இவற்றில் ஒரு கதை வந்தால் முகவர்கள் தாமாகவே எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் இவற்றின் பக்கங்களில் ஏற்கெனவே பெயர்பெற்றவர்களும் முகவர் வழியாக வருகிறவர்களும் நிறைந்திருப்பார்கள்.

இரண்டாம் வரிசையில் பிளௌஷேர்ஸ், கென்யன் ரிவ்யூ, அக்னி, ஜார்ஜியா ரிவ்யூ, மிசௌரி ரிவ்யூ, ஒன் ஸ்டோரி, அயர்லாந்தின் ஸ்டிங்கிங் ஃப்ளை போன்றவை. புதியவருக்குப் பலன் மிகுந்த வரிசை இதுதான். முகவர்களும் படிக்கிறார்கள், புதிய பெயர்களுக்கும் இடம் இருக்கிறது. இவற்றில் ஒன் ஸ்டோரியின் முறை தனியானது: ஓர் இதழுக்கு ஒரே ஒரு கதை; ஒருமுறை வெளியிட்ட எழுத்தாளரை மறுபடி வெளியிடுவதில்லை. ஆகவே அவர்களுக்கு எப்போதும் புதியவர் தேவை.

மூன்றாம் வரிசையில் சிறிய அச்சிதழ்களும் இணைய இதழ்களும். இவற்றை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒரு நல்ல இணைய இதழில் வந்த கதையின் சுட்டியை முகவருக்கு எழுதும் கடிதத்தில் அப்படியே சேர்த்துவிடலாம். அவர் அந்த நிமிடமே படிக்கலாம். அச்சிதழ் கதைக்கு அந்த வசதி இல்லை.

ஒரே கதையை மூன்று வரிசைக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். மூன்றாம் வரிசை இதழ் இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டால், இரண்டாம் வரிசையில் இன்னும் படிக்கப்படாமல் இருக்கும் கதையைத் திரும்பப் பெற வேண்டிவரும். முதலில் மேல் இரண்டு வரிசைகளில் ஐந்தாறு இதழ்களுக்கு அனுப்புங்கள். பதில்கள் வந்து முடிந்த பிறகு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இதழ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கிளிம்மர் டிரெய்ன், டின் ஹவுஸ் என்ற மிக நல்ல இரண்டு இதழ்கள் 2019இல் நின்றுபோயின. பழைய வழிகாட்டிகளில் அவற்றின் பெயர் இன்னும் இருக்கிறது.

படிக்கும் காலத்தைப் பாருங்கள். பல இதழ்கள் ஆண்டில் சில மாதங்களே படைப்புகளைப் பெறுகின்றன. அமெரிக்க இதழ்களில் பல பல்கலைக்கழகங்களைச் சார்ந்து நடப்பதால், கோடை விடுமுறையில் கதவை மூடுகின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கை நிறைந்ததும் மூடிவிடும் இதழ்களும் உண்டு. ஆகவே திறக்கும் தேதியைக் குறித்து வைத்து, முதல் சில நாள்களிலேயே அனுப்புவது நல்லது.

கட்டணத்தைப் பாருங்கள். பெரும்பாலான இதழ்கள் சப்மிட்டபிள் என்ற தளத்தின் வழியாகப் படைப்புகளைப் பெறுகின்றன. பல இதழ்கள் ஒரு கதைக்கு 3 டாலர் அளவில் கட்டணம் வாங்குகின்றன. போட்டிகளுக்கு இன்னும் கூடும். ரூபாயில் சம்பாதிப்பவருக்கு இது சிறு தொகை இல்லை. ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமே வாங்காத இதழ்களும் இருக்கின்றன. த்ரீபென்னி ரிவ்யூ அவற்றில் ஒன்று. பெயர் தெரியாத இதழ் பெரிய கட்டணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

கடைசியாக, அந்த இதழில் குறைந்தது ஒரு முழு இதழையாவது படியுங்கள். அங்கே வரும் கதைகளின் நீளம் என்ன, தன்மை ஒருமையில் சொல்லும் கதைகள் மிகுதியா, வடிவச் சோதனைகளுக்கு இடம் தருகிறார்களா, மொழி இறுக்கமா நெகிழ்வா என்று பாருங்கள். படிக்காத இதழுக்கு அனுப்பும் கதை பெரும்பாலும் தவறான மேசைக்கே போகும்.

கதையைத் தயாராக்குதல்

உங்கள் கதையை முதலில் படிப்பவர் இதழாசிரியர் இல்லை. முதல்நிலை வாசகர்கள் என்று ஒரு குழு இருக்கும். பெரும்பாலும் படைப்பிலக்கியத்தில் முதுகலை படிக்கும் மாணவர்கள், சம்பளம் இல்லாமல் செய்பவர்கள். வரிசையில் நூற்றுக்கணக்கான கதைகள் காத்திருக்க, மாலை நேரத்தில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறார். முதல் பக்கத்தில் அவர் மனம் ஒட்டவில்லை என்றால் இரண்டாம் பக்கம் போவது அரிது. பிடித்தால் இரண்டாம் வாசகருக்கு அனுப்புவார். அங்கிருந்து புனைவுப் பகுதி ஆசிரியருக்குப் போகும். ஆகவே முதல் பக்கத்தில் யார், எங்கே, என்ன நெருக்கடி என்பது தெளிந்துவிட வேண்டும். வானிலையை வருணித்துக்கொண்டும், நாயகன் தூக்கத்திலிருந்து எழுந்து பல் துலக்கிக்கொண்டும் கதையைத் தொடங்காதீர்கள்.

தமிழ் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். அயல் வாசகருக்காக ஒவ்வொரு பொருளையும் நிறுத்தி விளக்காதீர்கள். சீமந்தம் என்றால் என்ன என்று ஒரு வாக்கியம் பாடம் நடத்தினால் கதை அங்கேயே நின்றுவிடும். வளையல் அடுக்கும் பெண்களின் கைகளும் பேச்சும் காட்சியில் இருந்தால் வாசகர் தானே புரிந்துகொள்வார். நல்ல இதழாசிரியர்கள் அந்த நம்பிக்கையைத்தான் எழுத்தாளரிடம் எதிர்பார்க்கிறார்கள்.

வடிவத்தில் எளிய விதிகள்: டைம்ஸ் நியூ ரோமன் போன்ற எழுத்துரு, 12 புள்ளி அளவு, இரட்டை வரி இடைவெளி, பக்க எண். பெயர் மறைத்துப் படிக்கும் இதழ் என்றால் கோப்பிலிருந்தும் கோப்பின் பெயரிலிருந்தும் உங்கள் பெயரை நீக்குங்கள். நீளத்தைப் பொறுத்தவரை 3,000 முதல் 5,000 சொற்களுக்குள் இருக்கும் கதைக்குப் பெரும்பாலான இதழ்களில் இடம் உண்டு. 8,000 சொல்லைத் தாண்டினால் தேர்வு குறுகிவிடும்.

முகநூலிலோ சொந்த வலைப்பக்கத்திலோ போட்ட கதையை அனுப்பாதீர்கள். பல இதழ்களின் கணக்கில் அது ஏற்கெனவே வெளியான கதை.

உடன் அனுப்பும் கடிதம்

கதையோடு போகும் கடிதம் ஆறேழு வரிக்குள் முடிய வேண்டும். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

“புனைவுப் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,
4,200 சொற்கள் கொண்ட என் சிறுகதையைத் தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன். தங்கள் கடந்த இதழில் வந்த ஒரு கூட்டுக்குடும்பக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் கதையும் ஒரே வீட்டில் வாழும் மூன்று தலைமுறைகளைப் பற்றியது. இதே கதையை வேறு சில இதழ்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். எங்கேனும் ஏற்கப்பட்டால் உடனே தெரிவிப்பேன். மதுரையில் வசிக்கிறேன்; பள்ளி ஆசிரியை. நாவல் ஒன்றை எழுதி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். படித்தமைக்கு நன்றி.”

இவ்வளவு போதும். முன்பு எங்கும் வெளிவந்ததில்லை என்றால் அதைப் பற்றி வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. புதியவரை முதலில் கண்டெடுப்பதில் இதழாசிரியர்களுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கதைச் சுருக்கம், கதையின் கருத்து, நண்பர்கள் பாராட்டியது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பிடித்த கதை என்று குறிப்பிடுவதை உண்மையிலேயே படித்துவிட்டு எழுதுங்கள்.

காத்திருக்கும் காலம்

பதில் வர மூன்று மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். ஒரே கதையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதைப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. ஒரு நிபந்தனை உண்டு: ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் அன்றைக்கே திரும்பப் பெற வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் அந்த இதழ் ஆசிரியர்களிடம் உங்கள் பெயர் கெடும். கதை, இதழ், அனுப்பிய நாள், கட்டணம், பதில் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புகளைத் தரம் பிரித்துப் படியுங்கள். எல்லோருக்கும் போகும் அச்சுக் கடிதம் என்றால் அதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம். அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். “மீண்டும் எங்களுக்கு அனுப்புங்கள்” என்று இருந்தால் இரண்டாம், மூன்றாம் வாசகர் வரை கதை போயிருக்க வாய்ப்புண்டு. கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லி இரண்டு வரி எழுதியிருந்தால் ஆசிரியரே படித்திருக்கிறார் என்று கொள்ளலாம். அந்த இதழுக்கு இன்னொரு கதையை, அடுத்த படிக்கும் காலத்துக்குள், அவருடைய சொல்லை நினைவூட்டி அனுப்புங்கள். இதழாசிரியரோடான உறவு இப்படித்தான் வளர்கிறது. மறுத்ததற்குக் காரணம் கேட்டோ வாதாடியோ எழுதாதீர்கள்.

காத்திருக்கும் இந்த மாதங்கள்தான் நாவலுக்கான காலம். கதை வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேசையில் இருங்கள்.

ஏற்கப்பட்ட பிறகு

இதழ் ஓர் ஒப்பந்தம் அனுப்பும். வழக்கமாக முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கேட்பார்கள். கதை வெளிவந்த பிறகு உரிமை உங்களிடமே திரும்பும் என்று அதில் இருக்க வேண்டும். எல்லா உரிமைகளையும் நிரந்தரமாகக் கேட்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். பிற்காலத்தில் தொகுப்பில் சேர்க்கவோ திரைப்படமாக்கவோ நீங்களே அனுமதி கேட்டு நிற்க நேரும். சன்மானம் சில இதழ்களில் சில நூறு டாலர், பல இதழ்களில் இரண்டு பிரதிகள்.

அடுத்தது ஆசிரியர் குறிப்பு. கதையின் கடைசியிலோ இதழின் பின்பக்கத்திலோ வரும் அந்த இரண்டு வரியை முகவர்கள் கட்டாயம் படிக்கிறார்கள். படித்த ஊர், பெற்ற பட்டம் என்று அதை நிரப்பிவிடாமல், “இவர் இப்போது நாவல் எழுதிவருகிறார்” என்ற வாக்கியத்தைச் சேருங்கள், அது உண்மையாக இருந்தால். கதை பிடித்த முகவர் எழுதலாமா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வாக்கியம்தான். சிறுகதைத் தொகுப்பை விற்பதைவிட நாவலை விற்பது எளிது என்பதை எல்லா முகவர்களும் அறிவார்கள்.

உங்களைத் தேடி எழுத ஒரு முகவரியும் வேண்டும். ஒரே பக்கம் கொண்ட எளிய இணையதளம், அதில் மின்னஞ்சல், வெளிவந்த படைப்புகளின் சுட்டிகள் இருந்தால் போதும்.

புஷ்கார்ட் பரிசுக்கு ஒவ்வோர் இதழும் ஆண்டுக்கு ஆறு படைப்புகள் வரை பரிந்துரைக்கலாம். உங்கள் கதை பரிந்துரைக்கப்பட்டால் மகிழுங்கள், குறிப்பில் சொல்லுங்கள். ஆனால் பரிந்துரைக்கப்பட்டவர்கள் மிகப் பலர் என்பது முகவருக்குத் தெரியும். பரிசு பெற்று அந்தத் தொகுப்பில் இடம்பெற்றதற்கே மதிப்பு கூடுதல்.

முகவரிடமிருந்து கடிதம் வந்தால்

கடிதம் பெரும்பாலும் சுருக்கமாக இருக்கும்: கதையைப் படித்தேன், பிடித்தது, முகவர் இருக்கிறாரா, நீண்ட படைப்பு ஏதும் கைவசம் உண்டா. நன்றி சொல்லி இரண்டொரு நாளில் பதில் எழுதுங்கள். நாவல் முடிந்திருந்தால் அனுப்புங்கள். முடியவில்லை என்றால் எந்த நிலையில் இருக்கிறது என்று உள்ளபடி சொல்லி, முடிந்ததும் அனுப்ப அனுமதி கேளுங்கள். நல்ல முகவர் காத்திருப்பார். அவசரத்தில் அரைகுறை வரைவை அனுப்பிவிட்டால் அதே முகவரிடம் அதே நாவலை மறுபடி படிக்கச் சொல்வது கடினம்.

முகவரைப் பற்றியும் விசாரியுங்கள். யாருடைய நூல்களை விற்றிருக்கிறார், எந்தப் பதிப்பகங்களுக்கு விற்றிருக்கிறார், அமெரிக்கராக இருந்தால் அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். படிக்கக் கட்டணம், திருத்தக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறையான முகவர் கமிஷன் மட்டுமே பெறுவார். அவர் உங்களை ஏற்க முன்வந்தால் பேசும்போது கேட்க வேண்டியவை: நாவலில் என்ன மாற்றம் விரும்புகிறார், எந்தப் பதிப்பாசிரியர்களை மனத்தில் வைத்திருக்கிறார், விற்கவில்லை என்றால் அடுத்த நூலுக்கும் உடன் இருப்பாரா, பிரிய நேர்ந்தால் ஒப்பந்தத்தை முடிக்கும் முறை என்ன.

கடிதம் வரவில்லை என்றாலும் கதை வீணாகவில்லை. நாவல் முடிந்ததும் நீங்களே விண்ணப்பிக்கும்போது, கடைசிப் பத்தியில் “என் கதைகள் இன்ன இதழ்களில் வெளிவந்துள்ளன” என்ற ஒரு வரி உங்கள் கடிதத்தைக் குவியலிலிருந்து வெளியே எடுக்கும். மூன்று நல்ல பெயர்கள் போதும். பன்னிரண்டு பெயர்களை அடுக்க வேண்டாம்.

தமிழிலிருந்து போகிற வழி

தமிழில் மட்டும் எழுதுகிறவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆங்கிலம் தவிர வேறு சில மொழிகளிலும் கதைகளை ஏற்கிறார்கள், அவற்றில் தமிழும் ஒன்று. 2,000 முதல் 5,000 சொற்களுக்குள், இதுவரை வெளிவராத கதையாக இருக்க வேண்டும். மண்டல வாரியாக வென்ற கதைகளைக் கிராண்டா தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்திருக்கிறது. முகவர்கள் அந்தக் கதைகளைக் கவனிக்கிறார்கள்.

மொழிபெயர்ப்புக்கென்றே நடக்கும் இதழ்கள் வேர்ட்ஸ் விதவுட் பார்டர்ஸ், அசிம்ப்டோட் ஆகியவை. ஜெயமோகனின் ‘பெரியம்மாவின் சொற்கள்’ கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சுசித்ரா ராமச்சந்திரன் 2017இல் அசிம்ப்டோட் நடத்திய மொழிபெயர்ப்புப் போட்டியில் பரிசு பெற்றார். பின்னர் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ அவருடைய மொழிபெயர்ப்பில் 2023இல் ஆங்கில நூலாக வந்தது. ஓ. ஹென்றி பரிசும் 2021 முதல் மொழிபெயர்ப்புக் கதைகளை ஏற்கத் தொடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பை அனுப்பும் முன் மூல ஆசிரியரிடமோ வாரிசுகளிடமோ எழுத்து வடிவில் அனுமதி வாங்குங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்து என்றால் அந்த விவரத்தை உடன் அனுப்பும் கடிதத்திலேயே தெரிவியுங்கள்.

ஓராண்டுக்கான வேலை வரிசை

முதல் இரண்டு மாதம்: இருபது நூல்களின் நன்றிப் பக்கங்களைப் பதிந்து, பன்னிரண்டு இதழ்களைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முழு இதழைப் படியுங்கள்.

மூன்றாம், நான்காம் மாதம்: உங்கள் கதைகளில் மிகச் சிறந்த இரண்டை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். நம்பிக்கையான இருவரிடம் படிக்கக் கொடுங்கள். உரக்கப் படித்துப் பாருங்கள்.

ஐந்தாம் மாதம்: படிக்கும் காலம் திறந்திருக்கும் இதழ்களுக்கு முதல் சுற்று அனுப்புங்கள். பட்டியலில் பதியுங்கள்.

ஆறாம் மாதத்திலிருந்து: நாள்தோறும் ஒரே நேரத்தில் நாவல். மாதத்தில் ஒரு நாள் மட்டும் பட்டியலைத் திறந்து, மறுக்கப்பட்ட கதையை அடுத்த இதழுக்கு அனுப்பிவிட்டு மறுபடி நாவலுக்குத் திரும்புங்கள்.

ஆண்டு முடிவில் ஒரு கதையும் ஏற்கப்படாமல் இருக்கலாம். அப்போதும் திருத்தி முடித்த இரண்டு கதைகளும், பாதி கடந்த நாவலும், எந்த இதழ் எதை விரும்புகிறது என்ற தெளிவும் உங்களிடம் இருக்கும். இரண்டாம் ஆண்டை அங்கிருந்தே தொடங்குங்கள்.